மலையாளம் பேசிய வாயில் தமிழ்ப் பெயர் ஏன் தாமதிக்கிறது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பகல் முழுக்க மலையாளத்தில் வியாபாரம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், எதிரே இருக்கும் காய்க்குத் தமிழ்ப் பெயர் சட்டென்று வருவதில்லை. தமிழ்தானே என் தாய்மொழி? இது மறதி நோயா?"

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நோய் மாதிரி தெரியவில்லை. உங்கள் மூளை மலையாளத்தை நன்றாகப் பேச வைத்ததற்கான விலை அது.

பூசணிக்காயைப் பார்க்கிறீர்கள். உருவம் தலையின் பின்பக்கப் பார்வைப் பகுதிக்குப் போகிறது, காதுக்கு மேலே இருக்கும் இடப்பக்கப் பொட்டு மடலில் பொருளும் பெயரும் கிடைக்கின்றன, அப்புறம் ஒலிகள் கோக்கப்பட்டு வாய் அசைகிறது. எல்லாம் சேர்ந்து சுமார் 0.6 நொடி.

இரண்டு மொழி தெரிந்தவருக்குப் பூசணியும் அதன் மலையாளப் பெயரான மத்தங்காவும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. வாடிக்கையாளரிடம் மத்தங்கா என்று சொல்ல, பூசணியை அடக்கியாக வேண்டும். தாய்மொழிச் சொல் வலுவானது, முந்திக்கொண்டு வரும். துள்ளுகிற காளைக்குத்தான் மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இந்த வேலையில் மூளையின் ஆழத்திலுள்ள வால்கருவுக்கும் நெற்றி மடலுக்கும் பங்கு உண்டு. இறுக்கிய பிடி உடனே தளர்வதில்லை என்பதுதான் இதில் அழகு!

1999-இல் மியூட்டர், ஆல்போர்ட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இருமொழியாளர்களை எண்களின் பெயரைச் சொல்ல வைத்தார்கள். பழக்கம் குறைந்த மொழிக்கு மாறும்போதைவிட, நன்றாகத் தெரிந்த மொழிக்குத் திரும்பும்போதுதான் தாமதம் அதிகம். 2012-இல் வந்த ஓர் ஆய்வில், சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் படங்களை முதலில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அதே படங்களைச் சீனத்தில் சொன்னார்கள். தாய்மொழிச் சொல்லை அடக்கியதன் தடயம் அவர்களது மூளை மின்னலைகளில் தெரிந்தது.

சரி, எல்லோருக்கும் இப்படியா? இல்லை. பார்சலோனாவில் ஸ்பானியமும் கத்தலானும் சமமாகப் பேசுகிறவர்களுக்கு இரு பக்கமும் தாமதம் ஒரே அளவுதான். கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவின் தமிழர்கள் எந்த வகை? தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவுமொழிகள். தேங்காய், தேங்ஙா போல ஒலி ஒத்த பெயர்கள் ஏராளம். ஒலி ஒத்த பெயர்கள் இருமொழியாளருக்குச் சீக்கிரம் வரும் என்பதும் ஏற்கெனவே ஆய்வில் கண்டதே. இதை அளக்க ஒரு மடிக்கணினியும் மைக்கும் சில படங்களும் போதும். பெரிய ஸ்கேன் இயந்திரங்களுக்குக் கோடிகள் ஒதுக்கும்போது, வாளையாறு முதல் களியக்காவிளை வரை எல்லையோர ஊர்களில் இந்தச் சின்ன ஆய்வைச் செய்யவும் நம் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் தர வேண்டும்.