மூளை உறை அழற்சிக்கு ஸ்டீராய்டு எதற்கு?

பாக்டீரியாவால் வந்த மூளை உறை அழற்சி (மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கும் நோய், மெனிஞ்சைட்டிஸ்) என்று சந்தேகம் வந்தாலே ஆன்டிபயாட்டிக்கோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் எழுதுவோம். "ஸ்டீராய்டா டாக்டர்? எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிடுமே?" என்று உறவினர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடிக் கொடுத்தவை பெரும்பாலும் முயல்கள்.

1970-களில் அமெரிக்காவில் ஒரு சோதனை முறை உருவானது. மயக்கம் கொடுத்த முயலின் பின்கழுத்து வழியாக, மூளைக்கு அடியில் நீர் தேங்கும் இடத்தில் இந்த நோயை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைச் செலுத்துவார்கள். முயல் சுண்டெலியைவிடப் பெரியது என்பதால் ஒரே முயலிடமிருந்து பல முறை நீர் எடுக்கலாம். மருந்து எவ்வளவு உள்ளே போகிறது, கிருமி எவ்வளவு வேகமாகச் சாகிறது என்று பார்க்கலாம். அந்த நீரை எடுக்க நோயாளியின் முதுகில் சில மணிக்கொரு தரம் ஊசி குத்த முடியுமா? (முயலை இப்படிப் பயன்படுத்துவது எனக்கும் உவப்பான விஷயமல்ல.)

அப்படிப் பார்த்ததில்தான் ஒரு சிக்கல் புரிந்தது. ஆன்டிபயாட்டிக் பட்டதும் கிருமிகள் உடைகின்றன. அந்தச் சிதறல்கள் அழற்சியை முதலில் இன்னும் கிளறிவிடுகின்றன. டெக்சாமெத்தசோன் கொடுத்த விலங்குகளில் அந்த அழற்சி அடங்கியது. அப்புறம் 2002-இல் ஐரோப்பாவில் 301 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், இறப்பு 15 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது. முதல் ஸ்டீராய்டு ஊசியை ஆன்டிபயாட்டிக்குக்குச் சற்று முன்போ அதனுடனோ போட அவசரப்படுவது இதனால்தான்.

ஆனால் முயல் சொன்னதெல்லாம் பலித்துவிடாது. ஆப்பிரிக்க நாடான மலாவியில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில் இதே மருந்தால் பலன் இல்லை. அங்கே பெரும்பாலானோருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. உடலைக் குளிரவைத்தால் மூளை பிழைக்கும் என்று விலங்குகள் காட்டின. அதை நம்பி பிரான்சில் நடத்திய ஆய்வில் குளிரவைத்தவர்களில் 51 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 31 சதவீதம். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆய்வகத்தில் ஆரோக்கியமான முயலுக்குக் கிருமி செலுத்திய மறுநாளே மருந்து தொடங்கிவிடும். நம் நோயாளியோ மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, நினைவு தப்பிய பிறகு வருகிறார்.

காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து இறுக்கம், குழப்பம் அல்லது அசாத்தியத் தூக்கம்: இவற்றில் இரண்டு சேர்ந்தாலே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். முதுகில் நீர் எடுக்கக் கையெழுத்து கேட்டால் தயங்க வேண்டாம். ஸ்டீராய்டை நான்கு நாள் தொடர்வதா, நிறுத்திவிடுவதா என்று முடிவெடுக்க எங்களுக்கு அந்த நீர்ப் பரிசோதனை வேண்டும்.