மானியமா, நல்கையா?

பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு வரிப்பணத்திலிருந்து அரசு கொடுக்கும் தொகையை 'மானியம்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். உரத்துக்கும் மானியம், எரிபொருளுக்கும் மானியம், ஆய்வுக்கும் மானியம். இப்படி ஒரே சொல்லில் அடைத்துவிடுவதால், உயர்கல்விக்குச் செலவிடுவதும் ஏதோ சலுகை போலவே காதில் விழுகிறது.

மானியம் வடசொல்; 'மான்ய' என்றால் மதிப்புக்குரிய. ஒருவரைச் சிறப்பிக்க வரி நீக்கிக் கொடுத்த நிலம்தான் முதலில் மானியம். கல்வெட்டுகள் வரியில்லா நிலத்தை 'இறையிலி' என்கின்றன. இறை என்றால் வரி. பின்னாளில் நிலம் போய்ப் பணம் வந்தது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

கல்லூரிக்கு நிலத்தையே நல்கிய நாடும் உண்டு. அமெரிக்காவின் 1862 மோரில் சட்டம், மாநிலத்தின் ஒவ்வொரு காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் என்று கணக்கிட்டு நிலம் ஒதுக்கியது. அதை விற்ற பணத்தில் கல்லூரிகள் வளர்ந்தன. அப்படிப் பயன்பெற்ற விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு 1933 குளிர்காலத்தில், கொட்டும் பனியில் ஒரு விவசாயி வந்தார். வண்டியில் செத்த கிடாரி. பால் கேனில் உறையாத ரத்தம். கெட்டுப்போன தீவனப்புல்தான் காரணம் என்று துருவிய ஆய்வகம், பல ஆண்டு உழைப்புக்குப் பின் 'வார்ஃபரின்' வரை போனது. முதலில் எலி மருந்து, அப்புறம் ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து. செத்த மாட்டின் ரத்தத்தை நம்பி எந்த நிறுவனம் அத்தனை ஆண்டு காசு போட்டிருக்கும்?

பல்கலைக்கழகத்துக்கு அரசு தரும் தொகைக்குப் பொருத்தமான தமிழ்ச்சொல் 'நல்கை'. நல்குதல் என்றால் மனமுவந்து தருதல். வான்சிறப்பில் வள்ளுவர், கடலிலிருந்து முகந்த மேகம் 'தான்நல்கா தாகி விடின்' அந்த நெடுங்கடலும் தன் இயல்பு குன்றும் என்கிறார். வரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உறவும் இதுதான்: எடுத்த இடத்துக்கே திரும்பப் பெய்ய வேண்டும். படித்தவர் கூடுதலாகச் சம்பாதித்து வரி கட்டுகிறார். கண்டுபிடிப்பின் பயன் காசு போடாதவருக்கும் போய்ச் சேர்கிறது. ஆனால் பட்டத்துக்கேற்ற வேலை இல்லாத இடத்தில் இந்த மழை பாதிதான் பெய்யும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, எழுதும்போது எப்படிப் பிரிப்பது? விலையைக் குறைக்கத் தருவது மானியமாகவே இருக்கட்டும். மாணவர் கைக்குப் போவது உதவித்தொகை. ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் பல்கலைக்கழகத்துக்குத் தருவதை நல்கை என்போம். 'பல்கலைக்கழக நல்கைக் குழு' என்று எழுதுவோர் ஏற்கெனவே இருக்கிறார்கள்.