ஆத்திரத்தில் கொன்றால் சலுகை உண்டா? எந்தக் குற்றத்தில் மனசே கணக்கில் வராது?

"கோபத்துல செஞ்சுட்டான், கேஸ் நிக்காது" என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம். கோபம் நிரூபணமானாலும் விடுதலை கிடையாது. கொலை என்ற குற்றம், 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்று ஒரு படி கீழே இறங்கும், அவ்வளவுதான்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தில் 101-வது பிரிவின் முதல் விதிவிலக்கு இது, பழைய இ.பி.கோ.வில் 300. கொலைக்குத் தூக்கு அல்லது ஆயுள். விதிவிலக்குக்குள் வந்தால் 105-வது பிரிவு: கொல்லும் நோக்கம் இருந்திருந்தால் ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும். இந்த 5 ஆண்டு குறைந்தபட்சம் பழைய சட்டத்தில் இல்லை.

ஆத்திரமூட்டல் கடுமையானதாகவும் திடீரென்று வந்ததாகவும் இருக்க வேண்டும். கொல்வதற்குச் சாக்கு தேடி வலியப் போய் வம்புக்கு இழுத்தவருக்கு இது கிடையாது. சட்டப்படி கைது செய்ய வந்த போலீஸ்காரர்மேல் வந்த கோபமும், தற்காப்புக்காக எதிராளி திருப்பி அடித்ததால் வந்த கோபமும் செல்லாது. நிரூபிக்க வேண்டியவர் குற்றம்சாட்டப்பட்டவர்தான்.

'திடீர்' என்பதில்தான் பெரும்பாலான வாதங்கள் தோற்கின்றன. 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவிக்கு வேறொருவருடன் உறவு இருப்பதை அவர் வாயாலேயே கேட்டார். மனைவியையும் பிள்ளைகளையும் சினிமா கொட்டகையில் இறக்கிவிட்டார். கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லி ரிவால்வரும் 6 தோட்டாவும் வாங்கினார். அந்த நபரை அலுவலகத்தில் தேடி, பிறகு வீட்டில் கண்டு சுட்டார். வீட்டிலிருந்து கிளம்பியது 1.30 மணி, சுட்டது 4.20. ஆறுவதற்குப் போதுமான நேரம் இருந்தது என்று 1961-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சுப்பா ராவ் எழுதினார். ஆயுள் தண்டனை உறுதியானது. அதே தீர்ப்பு, வெறும் சொல்லும் சைகையும்கூட ஆத்திரமூட்டலாகலாம் என்றும், இறந்தவரின் முந்தைய நடத்தையையும் பார்க்கலாம் என்றும் சொன்னது.

அந்தக் கதவைச் சென்னை உயர் நீதிமன்றம் 1989-ல் இன்னும் திறந்தது. கணவனின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்த பெண்ணின் வழக்கு அது. இந்த நிலைக்கு நல்லதங்காள் கதையையே பெயராக வைத்து, நாள்பட்டுச் சேர்ந்த ஆத்திரமூட்டலும் இந்த விதிவிலக்கில் அடங்கும் என்றது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஒரே நிமிடத்தில் வருவது மட்டும் கோபமில்லையே.

சரி, மனசையே பார்க்காத குற்றங்களும் உண்டு. சட்டத்தில் இதற்குக் கண்டிப்பான பொறுப்பு என்று பெயர். 1962 நவம்பரில் சூரிச்சிலிருந்து மணிலா போன ஒரு பயணி, உடுப்புக்குள் 34 கிலோ தங்கத்தோடு பம்பாயில் சிக்கினார். விமானத்தை விட்டு இறங்கக்கூட இல்லை. கடந்து போகும் தங்கத்தையும் விமானத்தின் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்ற அறிவிப்பு 4 நாள் முன்புதான் அரசிதழில் வந்திருந்தது. தெரியாது என்ற வாதம் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. தண்டனையை மட்டும், அதுவரை சிறையில் இருந்த காலத்தோடு முடித்தார்கள். சுப்பா ராவ் இங்கே மாறுபட்டார்: குற்ற மனம் இல்லாமல் குற்றம் இல்லை என்றார். ஆனால் சிறுபான்மைத் தீர்ப்பு.

இன்று நம்மைத் தொடுவது மோட்டார் வாகனச் சட்டம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185-வது பிரிவில் குற்றம். நிதானமாகத்தான் ஓட்டினேன், வீட்டில் சண்டை என்பதெல்லாம் பதிலாகாது. முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் 199-ஏ பிரிவு பெற்றோரையும் வண்டி உரிமையாளரையும் பிடிக்கும்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். இங்கே மட்டும் ஒரு வாசல் இருக்கிறது: தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க முழு முயற்சி எடுத்தேன் என்று அவர்களே நிரூபிக்கலாம். சாவி ஆணியில் தொங்கியபடி இருந்தால் அது சிரமம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது.