சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்

துகள் முடுக்கி உள்ள ஆராய்ச்சி மையத்துக்குப் புதிதாக வரும் முனைவர் பட்ட மாணவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பயிற்சி வகுப்பு முடித்துவிட்டேன். அடையாள அட்டையும் வாங்கிவிட்டேன். எனக்கு முன்னால் போனவர் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார். பிறகு எனக்குத் தனியாக ஒரு சாவி எதற்கு?" கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்கு வாசலில் நின்றுகொண்டு ஒரு வரியில் பதில் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எனவே விரிவாகவே எழுதுகிறேன்.

முடுக்கி என்பது புரோட்டான் போன்ற நுண்துகள்களைப் பெரும் வேகத்துக்கு உந்தும் இயந்திரம். அது ஓடும்போது அது இருக்கும் கூடத்துக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. தடிமனான கான்கிரீட் சுவர்களுக்குப் பின்னால்தான் துகள் கற்றை, எங்கள் பேச்சில் 'பீம்', ஓடுகிறது. பீமை நிறுத்திய உடனே அது உண்டாக்கும் கதிர்வீச்சில் பெரும்பகுதி நின்றுவிடும். பீம் பட்ட உலோகப் பாகங்களில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதை அளந்து பார்த்த பிறகு ஆட்களை உள்ளே விடுவோம். ஆகவே பீம் நின்றிருக்கும்போது அந்த இடம் சாதுவானது. மீண்டும் ஓடத் தொடங்கும்போது உள்ளே ஆள் இருந்தால் அதுவே கொல்லக்கூடியது. இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கேள்வி: உள்ளே போன எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா?

கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கேமராக்கள் உண்டு. ஆனால் பீமை வழிநடத்தும் பெரிய காந்தங்களுக்குப் பின்னால் குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருப்பவர் கேமராவில் தெரிய மாட்டார். அதனால்தான் ஆளுக்கொரு சாவி. வாசலில் உள்ள பலகையில் சாவிகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று வெளியே எடுக்கப்பட்டாலும் முடுக்கியை இயக்குவதற்கான மின்சுற்று அறுந்துவிடும். எல்லாச் சாவிகளும் திரும்பி வந்து பூட்டப்படும்வரை, மையத்தின் இயக்குநரே வந்து சொன்னாலும் பீமைத் தொடங்க முடியாது. நீங்கள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் அந்த இயந்திரத்தின் மீது உங்களுக்கு இருக்கும் அதிகாரம் அந்தச் சிறிய உலோகத் துண்டுதான். அதை யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். 'நான் வெளியே போகிறேன், உன்னுடையதையும் சேர்த்து வைத்துவிடுகிறேன்' என்று நண்பர் அன்பாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இந்த ஏற்பாட்டை முறிப்பது பெரும்பாலும் மரியாதைதான். மூத்த பேராசிரியர் பின்னால் வருகிறார். மாணவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பேராசிரியர் தலையசைத்துவிட்டு உள்ளே நுழைகிறார். இரண்டு பேர், ஒரே சாவி. கால் மணி நேரம் கழித்து மாணவர் வெளியே வந்து தன் சாவியைச் செருகுகிறார். பலகையின் கணக்கில் கூடம் காலி. நம் ஊரில் பெரியவருக்கு முன்னால் கதவைச் சாத்துவது எவ்வளவு கூச்சமான காரியம் என்று எனக்குத் தெரியும். அதனால் புதியவர்களுக்கு நான் ஒரு வழி சொல்லிக் கொடுப்பதுண்டு. நீங்களே பலகையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து, "ஐயா, இது உங்களுக்கு" என்று அவர் கையில் கொடுங்கள். மரியாதையும் குறையாது, கணக்கும் தவறாது.

சாவிக்கு அடுத்த அரண், பூட்டுவதற்கு முன் நடக்கும் தேடுதல். இது எப்படி நடக்கிறது என்பதைப் பலர் பார்த்ததே இல்லை. இருவர் செல்ல வேண்டும். ஒருவர் வாசலில் நின்று புதிதாக எவரும் நுழையாமல் பார்த்துக்கொள்கிறார். மற்றவர் கூடத்தின் கடைக்கோடிவரை நடந்து, அங்கே சுவரில் உள்ள பொத்தானை அழுத்துகிறார். பிறகு அடுத்த மூலை, அடுத்த பொத்தான். இவற்றை வரிசை மாறாமல், குறிப்பிட்ட நேரத்துக்குள் அழுத்தியாக வேண்டும். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொத்தான்கள் வேண்டுமென்றே எட்டாத மூலைகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. நடந்தால்தான் அழுத்த முடியும் என்பதே நோக்கம். நடக்கும்போது மின் அலமாரிகளின் பின்புறம், ஏணியின் மேல்தட்டு, கேபிள் பள்ளம் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்து, குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். கதவு பூட்டிய பிறகு சைரன் ஒலிக்கும், விளக்குகள் மின்னும், அதன் பிறகும் சிறிது நேரம் காத்திருந்துதான் பீம் தொடங்கும். பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு ஓடி வருகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பொத்தான், அவர் அங்கே போனார் என்பதை மட்டும்தான் பதிவு செய்கிறது. அவர் பார்த்தார் என்பதைப் பதிவு செய்ய எந்தக் கருவியும் இல்லை.

இவை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அனடோலி புகோர்ஸ்கி என்ற சோவியத் விஞ்ஞானியின் வாழ்க்கை இருக்கிறது. 1978 ஜூலை 13 அன்று புரோட்வினோவில் உள்ள யூ-70 முடுக்கியில், கோளாறான ஒரு கருவியைச் சோதிக்க அவர் தலையை நீட்டினார். பாதுகாப்பு ஏற்பாடுகள் வேலை செய்யவில்லை; பீம் ஓடிக்கொண்டிருந்தது. புரோட்டான் கற்றை அவருடைய தலையின் பின்புறம் புகுந்து மூக்கருகே வெளியேறியது. ஆயிரம் சூரியன்களைவிடப் பிரகாசமான ஒளியைக் கண்டதாகச் சொன்னார், வலி தெரியவில்லை. உயிர் பிழைத்தார், பிற்பாடு முனைவர் பட்டத்தையும் முடித்தார். ஆனால் இடது காதின் கேட்கும் திறன் போய்விட்டது, முகத்தின் இடது பக்கம் செயலிழந்தது. அவர் அனுபவமில்லாதவர் அல்லர். அந்த இயந்திரத்தை நன்கு அறிந்தவர். பயிற்சி வகுப்பில் இந்தக் கதையைக் கேட்கும் மாணவர்கள் பீமின் விசித்திரத்தைப் பற்றித்தான் கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கதவு அவரை ஏன் உள்ளே விட்டது என்று கேட்க வேண்டும் என்பதே என் ஆசை.

எதிர்த்திசையில் இன்னொரு நிகழ்வு. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு மையத்தின் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரும் முடுக்கி, 2008 செப்டம்பர் 10 அன்று முதல் பீமைச் சுற்றவிட்டது. ஒன்பதே நாளில், 19ஆம் தேதி, காந்தங்களில் மின்னோட்டத்தை உயர்த்திச் சோதித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு காந்தங்களுக்கு இடையிலான மின் இணைப்பு ஒன்று பழுதாகி மின்பொறி பறந்தது. காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் அடைத்திருந்த உறை துளைக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறு டன் ஹீலியம் வெளியேறியது. பல டன் எடையுள்ள காந்தங்கள் இடம் பெயர்ந்தன. 53 காந்தங்களைக் கழற்றி மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. மீண்டும் பீம் ஓட 2009 நவம்பர் ஆகிவிட்டது. இவ்வளவு நடந்தும் ஒருவருக்கும் காயம் இல்லை. காரணம், மின்னோட்டச் சோதனை நடக்கும்போது சுரங்கப்பாதைக்குள் ஆள் இருக்கக் கூடாது என்ற விதி. அன்று அங்கே பீம்கூட இல்லை. 'பீம் இல்லையே, உள்ளே போனால் என்ன?' என்று யாரேனும் வாதாடி இடம் பெற்றிருந்தால், உறைகுளிரான அந்த வாயுவெள்ளத்தில் சிக்கியிருப்பார்.

ஹீலியத்தைச் சொன்னதும் திரவ நைட்ரஜனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறவர்கள்கூட இதைத் தண்ணீர் போலத் தூக்கிச் செல்கிறார்கள். மைனஸ் 196 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு ஆகும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலே அளவுமானி அலற வேண்டும். மூச்சு முட்டும் உணர்வை உடலில் எழுப்புவது முக்கியமாகக் கரியமில வாயுவின் சேர்க்கைதானே தவிர, ஆக்சிஜன் பற்றாக்குறை அல்ல. நைட்ரஜன் நிறைந்த அறையில் நீங்கள் இயல்பாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே இருப்பீர்கள். ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிட்டிருந்தால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். முதலில் விழுந்தவரைத் தூக்க ஓடியவரும் அவர் மேலேயே விழுவது, உலகெங்கும் இந்த வகை விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. உள்ளே ஒருவர் விழுந்து கிடப்பதைக் கண்டால் கத்துங்கள், அவசர எண்ணை அழையுங்கள், சுவாசக் கருவி அணிந்தவர் வரும்வரை வாசலிலேயே நில்லுங்கள். இதைச் சொல்வது எளிது. கிடப்பது நம் நண்பராக இருந்தால் கால்கள் கேட்காது. அதனால்தான் இதை ஒத்திகையாகச் செய்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

லிஃப்டில் திரவ நைட்ரஜன் குடுவையோடு ஒருபோதும் ஏறாதீர்கள். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் அந்தச் சிறிய அறையில் நீங்களும் ஆவியாகும் நைட்ரஜனும் மட்டும்தான். குடுவையை உள்ளே வைத்துவிட்டு, 'யாரும் ஏற வேண்டாம்' என்ற பலகையைக் குறுக்கே மாட்டி, குடுவையை மட்டும் அனுப்புங்கள். மேலே ஒருவர் நின்று பெற்றுக்கொள்ளட்டும். நீங்கள் படியேறிப் போங்கள்.

நாம் பெறும் கதிர்வீச்சை அளக்க மார்பில் அணியும் டி.எல்.டி. பட்டை பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்தப் பட்டை கதிர்வீச்சிலிருந்து காப்பதில்லை. நம் நாட்டுப் பட்டைக்குள் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டால் ஆன மூன்று சிறு வில்லைகள் இருக்கின்றன. அவை வாங்கிய கதிர்வீச்சைச் சேமித்துவைத்து, ஆய்வகத்தில் சூடாக்கும்போது ஒளியாக வெளிவிடும். அந்த ஒளியை அளந்து நீங்கள் பெற்ற அளவைச் சொல்கிறார்கள், பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதாவது, நடந்து முடிந்ததைத்தான் அது சொல்லும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்புப்படி, கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் தொடர்ந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் பெறக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மட்டுமே. பட்டையைக் கோட்டில் குத்தி அந்தக் கோட்டைக் கூடத்துக்குள் மாட்டிவிட்டுப் போனால், உங்களுக்குப் பதிலாக ஆணியின் டோஸைத்தான் அளக்கிறீர்கள். 'அதிகம் வந்துவிட்டால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள்' என்று பயந்து பட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தை உண்டாக்கியது மேலாளர்களின் பேச்சு. அதைப் போக்க வேண்டிய பொறுப்பும் அவர்களுடையதுதான்.

இதே பயம்தான் அபாய ஒலியை அணைத்துவிட்டு வேலையைத் தொடரச் செய்கிறது. ஜப்பானின் ஜே-பார்க் முடுக்கி மையத்தில் 2013 மே 23 அன்று, பீம் மோதுவதற்காக வைத்த தங்கத்தாலான இலக்கு ஒன்றின் மீது பீம் வழக்கத்துக்கு மாறாக மிகக் குறுகிய நேரத்தில் மொத்தமாகப் பாய்ந்தது. இலக்கு சேதமடைந்து கதிரியக்கப் பொருள் கூடத்துக்குள் கசிந்தது. அபாய அறிவிப்பு வந்தது. அதை ரீசெட் செய்துவிட்டு இயக்கத்தைத் தொடர்ந்தார்கள். உள்ளே கதிர்வீச்சு அளவு ஏறியபோது காற்றோட்ட விசிறிகளைப் போட்டார்கள். கசிந்த கதிரியக்கப் பொருள் கட்டடத்துக்கு வெளியேயும் போனது. அதிகாரிகளுக்குத் தகவல் சென்றது மறுநாள்தான். 34 பேர் கதிரியக்கத்துக்கு ஆளானார்கள்; அதிகபட்ச அளவு 1.7 மில்லிசீவர்ட். உடல்நலக் கணக்கில் சிறிய எண்தான். ஆனால் அந்தக் கூடம் மீண்டும் இயங்க 2015 ஆகிவிட்டது. அபாய ஒலி வந்தால் காரணம் தெரியும்வரை நிறுத்திவைப்பது பீம் நேரத்தை வீணாக்குவதல்ல என்று ஆய்வுக் குழுத் தலைவர்கள் தங்கள் மாணவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவசரத்தில் பீமை நிறுத்தச் சுவரில் இருக்கும் சிவப்புப் பொத்தானும் அப்படித்தான். உள்ளே இருக்கும்போது சைரன் கேட்டால் வாசலை நோக்கி ஓடும் முன் அருகிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். தவறாக அழுத்தினால் பல மணி நேர பீம் போகலாம், போகட்டும். அப்படி அழுத்திய மாணவியை ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்பும் கடிந்துகொண்டதைக் கேள்விப்பட்டேன். அன்று அந்த அறையில் இருந்தவர்களில் எத்தனை பேர் இனி அந்தப் பொத்தானை அழுத்தத் தயங்குவார்கள் என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

கடைசியாக, நான் அதிகம் கவலைப்படுவது மாணவர்களைப் பற்றியல்ல. குளிர்சாதனம் பழுதுபார்க்க, பெயின்ட் அடிக்க, தரை துடைக்க வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி. இயந்திரம் நின்றிருக்கும் பராமரிப்பு நாட்களில் கூடத்துக்குள் அதிகம் இருப்பவர்கள் அவர்கள்தான். பயிற்சிப் படமோ ஆங்கிலத்தில் ஓடுகிறது. முடிவில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் உள்ள மையத்துக்கு ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி, ஆங்கிலமும் தமிழும் புரியாமல் போட்ட அந்தக் கையெழுத்து யாரைக் காக்கும்? தாளுக்குப் பதிலாக நான் செய்வது இது: அவரைக் கூடத்துக்குள் அழைத்துப் போய், வேலை செய்யப்போகும் இடத்தில் நிறுத்தி, அவருடைய மொழி தெரிந்த சக தொழிலாளி ஒருவரை வைத்து, அருகிலுள்ள சிவப்புப் பொத்தானையும் வெளியேறும் வழியையும் கையால் காட்டச் சொல்கிறேன். காட்டத் தெரியவில்லை என்றால் மீண்டும் சொல்லிக் கொடுக்கிறோம். இதற்கு ஓர் அரைநாள் ஆகிறது. அந்த அரைநாளுக்குக் கூலி கிடையாது என்பதால் ஒப்பந்ததாரர் ஆட்களை நேராக வேலைக்கு அனுப்பப் பார்க்கிறார். டெண்டர் தயாரிக்கும் பொறியாளர்களே, அடுத்த முறை பயிற்சி நேரத்துக்கான கூலியையும் தனி வரியாக எழுதிவிடுங்கள்.