லாரியின் கூடுதல் விளக்கு எவ்வளவு தூரம் காட்ட வேண்டும்?

சுமையேற்றிய லாரி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நொடிக்கு 22 மீட்டர் சாலையைக் கடக்கிறது. வழியில் ஏதோ கிடப்பது கண்ணில் பட்டு, அது என்னவென்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடியாவது ஆகும். அதற்குள் 33 மீட்டர் போய்விடும். காற்று பிரேக்கில் அழுத்தம் சக்கரம் வரை போய்ச் சேர இன்னும் அரை நொடி போல எடுக்கும்; அது 11 மீட்டர். அப்புறம், வறண்ட சாலையில் பிரேக் நன்றாகப் பிடித்தாலும் வண்டி நிற்க ஏறக்குறைய 50 மீட்டர் வேண்டும். கூட்டினால் 94 மீட்டர். களைப்போ மழையோ சேர்ந்துகொண்டால் இது 120, 130 என்று நீளும்.

டிம் லைட் அவ்வளவு தூரம் காட்டாது. எதிரே வருபவரின் கண் கூசக் கூடாது என்பதற்காக அதன் ஒளியை மேல்பக்கம் வெட்டியிருப்பார்கள். கறுப்பு உடையில் சாலையோரம் நடப்பவர் பெரும்பாலும் 50, 60 மீட்டருக்குள் வந்த பிறகுதான் தெரிவார். பிரைட் போட்டால் நிலைமை மாறும், ஆனால் பழைய ஹாலஜன் விளக்குகளில் அதுவும் கொஞ்சம்தான். ஆக, கூடுதல் விளக்கு நிரப்ப வேண்டிய இடம் ஏறத்தாழ 80 மீட்டரிலிருந்து 250 மீட்டர் வரை. எந்த விளக்கை வாங்குவது, எங்கே மாட்டுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்தத் தூரத்துக்குள் இருக்கிறது.

விளக்குப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது லூமன். விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியேறும் மொத்த ஒளியின் அளவு அது. அந்த ஒளி 200 மீட்டர் தள்ளிப் போய் விழுகிறதா, பம்பருக்கு முன்னாலேயே சிந்திவிடுகிறதா என்று லூமன் சொல்லாது. அதைச் சொல்வது கேண்டெலா, அதாவது ஒரு குறிப்பிட்ட திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்ற அளவு. போய் விழுந்த இடத்தில் கிடைக்கும் வெளிச்சம் லக்ஸ். கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ் வரும். 40,000 கேண்டெலா விளக்கு 100 மீட்டரில் 4 லக்ஸ் தரும், 200 மீட்டரில் 1 லக்ஸ்தான். தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு கேண்டெலா வேண்டும்.

பல தயாரிப்பாளர்கள் '1 லக்ஸ் தூரம்' என்று ஒன்றைக் குறிப்பிடுகிறார்கள். முழு நிலவு தருவது அதிகபட்சம் 0.3 லக்ஸ் அளவில் இருக்கும் என்பதால் 1 லக்ஸ் போதுமென்று தோன்றலாம். ஆனால் நாம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறோம், தேடுவதோ விழுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாத கறுப்புத் துணியை. அந்த எண்ணில் பாதியை எடுத்துக்கொள்வதே நியாயம். பாதித் தூரத்தில் 4 லக்ஸ் இருக்கும். 400 மீட்டர் என்று போட்டிருந்தால் 200 மீட்டருக்கு நம்பலாம்.

ஒரே எல்இடி சிப்பை வைத்து ஒரு விளக்கு தூரமாகவும் இன்னொன்று அகலமாகவும் ஒளி வீசுவது எப்படி? பரவளைய வடிவப் பிரதிபலிப்பானின் குவியத்தில் ஒரு புள்ளி ஒளி இருந்தால் கதிர்கள் இணையாக வெளியேறும். உண்மையில் எந்த ஒளி மூலமும் புள்ளி இல்லை, அதற்கென்று ஓர் அகலம் உண்டு. 2 மில்லிமீட்டர் அகலமுள்ள சிப், 30 மில்லிமீட்டர் குவிய தூரமுள்ள பிரதிபலிப்பான் கிண்ணத்தில் இருந்தால் ஒளிக்கற்றை ஏறத்தாழ 4 டிகிரி விரியும். குவிய தூரத்தை இரட்டித்தால் 2 டிகிரி. ஆகவே தூரம் வேண்டுமானால் மூலம் சிறியதாகவும் கிண்ணம் பெரியதாகவும் இருக்க வேண்டும்.

இதற்கு ஓர் உச்ச வரம்பும் உண்டு. எந்த விளக்கின் அதிகபட்சக் கேண்டெலாவும், ஒளிரும் பரப்பின் பிரகாசத்தை விளக்கு வாயின் பரப்பளவால் பெருக்கினால் வருவதைத் தாண்ட முடியாது. 10 சென்டிமீட்டர் வட்ட விளக்கை 20 சென்டிமீட்டர் ஆக்கினால் அதே சிப்பிலிருந்து நான்கு மடங்கு வரை உச்சச் செறிவு எடுக்கலாம். எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும், விளம்பரம் என்ன சொன்னாலும் இதை ஏமாற்ற முடியாது. ஆழமற்ற குட்டிக் கிண்ணங்களை வரிசையாக அடுக்கிய மெல்லிய லைட் பாரில் ஆயிரக்கணக்கான லூமன் இருந்தும் தூரம் வராததற்குக் காரணம் இதுதான். பார் தவறான பொருளல்ல. வளைவிலும் சாலையோரத்திலும் அகலமாகக் காட்ட அது நல்லது.

இனி கண்ணின் பங்கு. வண்டிக்கு முன்னால் 10, 20 மீட்டரில் சாலை வெள்ளையாகப் பளபளத்தால் ஓட்டுகிறவருக்கு மனசுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் கண் அந்தப் பிரகாசத்துக்குப் பழகிவிடுகிறது, கண்மணியும் சுருங்குகிறது. தொலைவில் மங்கலாக நிற்பது இன்னும் மங்கிப்போகிறது. அந்த 20 மீட்டரில் ஏதாவது தெரிந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை, நேரம் முடிந்துவிட்டது. நல்ல விளக்கு பக்கத்தில் அளவாகவும் தொலைவில் தாராளமாகவும் ஒளி தரும். மாட்டிப் பார்த்த முதல் இரவில் "அடேயப்பா, என்ன வெளிச்சம்!" என்று தோன்றினால், கண் வண்டிக்கு முன்னாலேயே நிற்கிறதா என்று ஒருமுறை கவனியுங்கள்.

கேபின் உச்சியில் மாட்டினால் ஒளி அதிக தூரம் போகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மேடு பள்ளமான காட்டுப் பாதையில் அதில் உண்மை உண்டு. சாலையில் வேறு விதம். விளக்கு கண்ணுக்கு அருகில் இருந்தால் பொருள்களின் நிழல் அவற்றின் பின்னால் மறைந்துவிடும், பள்ளமும் மேடும் தட்டையாகத் தெரியும். பம்பர் உயரத்திலிருந்து விழும் ஒளி நீளமான நிழல் போடுவதால் குழி உடனே புலப்படும். மழைத்துளியும் தூசியும் உச்சி விளக்கின் ஒளியை நேராகக் கண்ணுக்கே திருப்பி அனுப்புவது இன்னொரு தொல்லை. உச்சிக்குச் சாதகமானது ஒன்றும் உண்டு: ஒளியை வந்த வழியே திருப்பும் சாலைப் பலகைகள், விளக்குக்கும் கண்ணுக்கும் இடைவெளி குறைந்தால் கூடுதலாக மின்னும். லாரியில் கண் உயரத்தில் இருப்பதால் காரில் தெரிவதைவிடப் பலகைகள் மங்கலாகவே தெரிகின்றன. இருந்தாலும், சாலையில் ஓடும் லாரிக்கு நான் பம்பரைத்தான் சொல்வேன்.

மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைக்கும் என்பார்கள். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சிதறடிக்கின்றன. மூடுபனி விளக்கு வேலை செய்வதற்குக் காரணம் அது தாழ்வாக இருப்பதும், ஒளி அகலமாகப் பரவி மேலே வெட்டுப்பட்டிருப்பதும்தான். அந்த நேரத்தில் தூர விளக்கைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான். நீலம் தூக்கலான ஒளியைவிட மஞ்சள் கண்ணைக் குறைவாக உறுத்தும் என்பது உண்மை. பிரான்சில் 1936 முதல் 1993 வரை மஞ்சள் முகப்பு விளக்கே கட்டாயமாக இருந்தது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடக் கூட நீலம் தூக்கும். நீண்ட இரவு ஓட்டத்துக்கு 6,500 கெல்வினை விட 4,000–5,000 கெல்வின் விளக்கு இதமானது.

வயரிங்கில் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஹாலஜன் விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆவது அடுக்கில் மாறும். 10 சதவீத வோல்ட் குறைந்தால் 30 சதவீத ஒளி போய்விடும். 12 வோல்ட் வண்டியில் 100 வாட் ஹாலஜன் இரண்டுக்குப் போக வர 10 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் கிட்டத்தட்ட 2 வோல்ட் ஒயரிலேயே விழுந்துவிடும். ஒளியில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். 24 வோல்ட் லாரியில் மின்னோட்டம் பாதியாகிவிடுவதால் இழப்பு 4 சதவீத வோல்ட்தான். எல்இடியில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 'டிரைவர்' என்ற மின்சுற்று, வோல்ட் ஏறி இறங்கினாலும் ஒளியைச் சீராக வைக்கும். ஆனால் எல்இடிக்கு வெப்பம் எதிரி. பின்பக்க அலுமினியத் தகடுகள் சிறுத்திருந்தால் சிப் சூடேறி, அரை மணி நேரத்தில் ஒளி குறையும். சிப்பின் கோட்பாட்டளவிலான லூமனைப் போடாமல், சூடான பிறகு வெளியே வரும் லூமனைப் போடும் தயாரிப்பாளரை நம்பலாம். எதுவானாலும் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாகத் தனி ஒயர் இழுப்பதே முறை. ரிலேயை இயக்கும் கம்பி பிரைட் சுவிட்சில் இணைய வேண்டும். டிம் அடித்த அதே நொடியில் கூடுதல் விளக்கும் அணைய வேண்டும். எதிரே வருகிறவரைக் குருடாக்கிவிட்டு நாம் மட்டும் பார்ப்பதில் பாதுகாப்பு கிடையாது.

ஐ.நா. வாகன விதிகளைப் பின்பற்றும் நாடுகளில், ஒரே நேரத்தில் எரியும் பிரைட் விளக்குகள் எல்லாம் சேர்ந்து 430,000 கேண்டெலாவைத் தாண்டக் கூடாது. அதற்கான குறியீட்டு எண் 100. ஒவ்வொரு விளக்கின் கண்ணாடியிலும் அதன் பங்கு பொறித்திருக்கும். முகப்பு விளக்கின் எண்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். எண் எதுவும் பொறிக்காத விளக்கு பெரும்பாலும் சாலைக்கு ஆனதல்ல, வேலையிடத்துக்கானது.

கடைசியாகச் சாய்வு. 1 டிகிரி பிசகினால் 100 மீட்டரில் ஒளியின் நடுப்புள்ளி 1.75 மீட்டர் நகர்ந்துவிடும். பின்னால் சுமை ஏறியதும் லாரியின் முகம் தூக்கும், இறக்கியதும் தாழும். சுமையோடு மட்டமாக வைத்த விளக்கு, காலி வண்டியில் 1 டிகிரி தாழ்ந்தால் 1 மீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் ஒளியின் மையம் 57 மீட்டரிலேயே தரையைத் தொடும். கேபினுக்குத் தனி ஸ்பிரிங் இருக்கும் வண்டிகளில் உச்சி விளக்கு இதற்கு மேலும் ஆடும். இரவில் பெரும்பாலும் எந்தச் சுமையோடு ஓடுகிறதோ அந்தச் சுமையை ஏற்றி, டயர் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் நிறுத்தித்தான் விளக்கைத் திருப்பிப் பொருத்த வேண்டும்.