உறைபனி மாதத்தில் கள்ளிக்குத் தண்ணீர் எதற்கு?

ஊட்டியில் பாலிஹவுஸ், அதாவது பாலித்தீன் ஷீட் குடில், போட்டுக் கள்ளி வளர்ப்பவர்கள் டிசம்பர் பிறந்ததும் நாலு பக்கமும் ஷீட்டை இறக்கி, காற்றே புகாதபடி இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். பிப்ரவரியில் திறந்து பார்த்தால் பாதிச் செடி கொழகொழத்துக் கிடக்கும். "பனி அடிச்சிருச்சு" என்று நர்சரிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தொட்டியை வாங்கிக் கையில் தூக்கிப் பார்ப்பேன். பெரும்பாலும் கனமாகவே இருக்கும். பழி பனி மேல். கொன்றது மண்ணில் தங்கிய ஈரம்.

கள்ளிகளில் பலவற்றுக்குக் குளிர் புதிதல்ல. ரெபுசியா, லோபிவியா போன்ற கள்ளி வகைகள் எல்லாம் பொலிவியா, அர்ஜென்டினா பக்கம் ஆண்டிஸ் மலையில் ஊட்டியைவிட உயரமான இடங்களிலும் வளர்பவை. அங்கே குளிர்காலம் மழையில்லாத காலம். செடி தண்ணீரை இழந்து சுருங்கும், உள்ளே சாறு கெட்டியாகும், அதனால் உறைபனியையும் ஓரளவு தாங்கும். நமக்கோ வடகிழக்குப் பருவமழை ஊற்றிவிட்டுப் போகும். அந்த ஈரம் காய்வதற்குள் பனி இறங்கிவிடும். இரவு 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினால் இந்தச் செடிகளின் வேர் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடுகிறது. அது குடிக்காத தண்ணீர் பூஞ்சாணத்துக்குத்தான் உதவும்.

அதனால் பனிக்கான ஏற்பாட்டை அக்டோபரிலேயே தொடங்குங்கள். தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து நவம்பர் கடைசியில் நிறுத்திவிடலாம். மேல்மண் காய்ந்திருப்பதை நம்பாதீர்கள். ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகிச் சற்றுநேரம் விட்டு உருவுங்கள்; நுனியில் மண் ஒட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது. கடையில் வாங்கும் செடிகள் பெரும்பாலும் வெறும் தேங்காய் நார்க்கழிவில்தான் வரும். வெயில் ஊரில் அதை வைத்துச் சமாளிக்கலாம். மலையில் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் காயாது. மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். கலவையில் பாதியாவது பெருமணல், பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல் மாதிரி நீர் வடியும் பொருளாக இருக்கட்டும்.

எல்லாச் செடிக்கும் இதே கணக்கு போடவும் கூடாது. சுற்றுலா வருபவர்கள் ஆசையாக வாங்கிப்போகும் சிவப்பு, மஞ்சள் உருண்டைக் கள்ளி ஒட்டுச்செடி. அடியில் இருக்கும் பச்சைத் தண்டு டிராகன் பழத்தின் இனம், வெப்பமண்டலத்துச் செடி. மேலே உருண்டை நன்றாக இருக்கும்போதே அடித்தண்டு அழுகிவிடும். அதையும், தலையில் தொப்பி வைத்த மெலோகாக்டஸையும், பாலைவன ரோஜா எனப்படும் அடீனியத்தையும் வீட்டுக்குள் வெளிச்சமான ஜன்னலோரம் வைப்பதுதான் சரி. கிறிஸ்துமஸ் கள்ளி பிரேசில் மலைக்காட்டில் மரத்தின் மேல் வளர்வது. பூக்கும் நேரமே குளிர்காலம்தான், அதைக் காயப்போடக் கூடாது. ரோஜாப்பூ போல இலை அடுக்கும் ஏயோனியம் குளிர்காலத்தில்தான் வளரும்; உறைபனி படாமல் பார்த்துக்கொண்டு, மண் காயக் காயக் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாம். கல்லைப் போலவே இருக்கும் லித்தாப்ஸுக்குச் சொட்டுகூட வேண்டாம். பழைய இலையை உறிஞ்சித்தான் புது இலை வருகிறது. பழையது சுருங்குவதைப் பார்த்து இரக்கப்பட்டு ஊற்றியே பலர் கொல்கிறார்கள்.

இனி பாலிஹவுஸ். ஷீட்டுக்குள் இருந்தால் பனி படாது என்பது பாதி உண்மை. சாதாரண பாலித்தீன் வழியாக வெப்பம் வானத்துக்குத் தப்பிவிடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில், சூடேற்றும் வசதி இல்லாத குடிலின் உள்ளே வெளியைவிடக் குளிராகவே இருக்கலாம். விடிகாலையில் டார்ச் அடித்துக் கூரையைப் பாருங்கள்: வரிசையாக நீர் முத்துகள் தொங்கும். ஒவ்வொன்றாகச் செடியின் நடுக்குருத்தில் சொட்டும். அழுகல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வெயில் ஏறியதும் பக்கத் திரையைச் சுருட்டிவிட்டு மூன்று மணி வாக்கில் இறக்கினால் இது பெருமளவு குறையும். இரவில் செடிகளின் மேல் மெல்லிய துணியோ பழைய செய்தித்தாளோ போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். தொட்டிகள் தரையில் வேண்டாம், ஸ்டாண்டில் ஏற்றுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, தாழ்வில் போய்த் தங்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் அவ்வளவு பனி படிவதற்கும் அதுதான் காரணம்.

கரி அடுப்பை உள்ளே வைத்துச் சூடேற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இல்லாததால் உள்ளே போகிறவருக்குத் தெரியாது. அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்கி இறந்தவர்களின் செய்திகளை மலைப்பகுதிகளில் கேட்டிருக்கிறோம். செடிக்கும் லாபமில்லை, புகையிலுள்ள எத்திலீன் மொட்டை உதிர்த்துவிடும்.

மாவுப்பூச்சிக்கு வேரில் ஊற்றும் மருந்து குளிர்காலத்தில் பயன்படாது. உறிஞ்சாத வேர் மருந்தை எப்படி மேலே ஏற்றும்? பஞ்சுக்குச்சியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும்.

சென்னை, மதுரைக்காரர்கள் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து நாலு மாதம் தண்ணீரை நிறுத்துகிறார்கள். உங்கள் ஊர் மார்கழிக்கு அது தேவையில்லை. மழைக்குக் கூரை கொடுத்தால் போதும். மழை விட்டபின் மண் காய்ந்ததும் வழக்கம்போல ஊற்றலாம்.

மலையில் மார்ச் முதல் வாரம்வரை பொறுங்கள். முதல் தடவை காலையில் லேசாகத் தெளித்து, ஒரு வாரம் கழித்து நன்றாக ஊற்றுங்கள். சுருங்கிப்போன கள்ளி உப்பத் தொடங்கும். ரெபுசியாவில் மொட்டும் எட்டிப்பார்க்கும். அந்தச் சமயத்தில் வெயில் கடுமை, குளிர்காலம் முழுக்க மங்கலான வெளிச்சத்தில் இருந்த தோல் ஒரே நாளில் வெந்துவிடும். இரண்டு வாரமாவது நிழல்வலை கட்டிவிட்டு அப்புறம் திறந்துவிடுங்கள்.