சஸ்காச்சுவானின் கிராமத்து நெடுஞ்சாலைகள்: யார் பொறுப்பு, எந்தத் திட்டத்தில் பணம், உங்கள் சாலை எப்போது சீராகும்?

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துச் சிற்றூர்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி, "நம்ம ரோட்டை எப்போது போடுவார்கள்?" என்பதுதான். சாலையில் எத்தனை குழி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து யாரும் இதை முடிவு செய்வதில்லை. அந்தச் சாலை எவ்வளவு எடை தாங்கும் வகுப்பில் இருக்கிறது, ஒரு நாளைக்கு அதில் எத்தனை வண்டி ஓடுகிறது, இந்த இரண்டும்தான் பெரும்பாலும் அதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன.

முதலில் பொறுப்பு யாருடையது என்று பார்ப்போம். சாலை என்பது கனடாவில் மாகாண விவகாரம். சஸ்காச்சுவானில் 26,000 கிலோமீட்டருக்கும் மேலான நெடுஞ்சாலைகளை மாகாண நெடுஞ்சாலை அமைச்சகம் பராமரிக்கிறது. அதைத் தாண்டி வயல்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் போகும் சரளைக்கல் சாலைகள் 296 கிராமப்புற நகராட்சிகளின் கையில் இருக்கின்றன. இவற்றைத்தான் ஊர்க்காரர்கள் 'கிரிட் ரோடு' என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலத்தை ஒரு மைல் சதுரங்களாக அளந்தபோது, வடக்கு தெற்காக மைலுக்கு ஒன்று, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று என 66 அடி அகலத்தில் சாலைக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். ஆள் குறைவு, சாலை மிக அதிகம் என்ற சிக்கல் அன்றைக்கே விதைக்கப்பட்டது. மாகாணச் சாலை என்றால் அமைச்சகத்திடமும், கிரிட் ரோடு என்றால் நகராட்சி அலுவலகத்திடமும் முறையிட வேண்டும். எது யாருடையது என்று சந்தேகம் வந்தால் நகராட்சி அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

மாகாணச் சாலைகளிலேயே ரொம்ப மோசமானவை 'தின் மெம்பிரேன்' வகைச் சாலைகள். சுருக்கமாக டி.எம்.எஸ். மண் தளத்தின் மேல், புழுதி பறக்காமல் இருப்பதற்காகப் பூசிய மெல்லிய தார்ப் படலம் அது. கீழே கனமான ஜல்லிப் படுகை கிடையாது. பார்வைக்குத் தார்ச்சாலை, தாங்கும் திறனில் கிட்டத்தட்ட மண்சாலை. அது போடப்பட்ட காலத்தில் அது போதுமானதாகவே இருந்தது. விவசாயி சிறிய லாரியில் கோதுமையை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் ரயில் நிலையத்தருகே நிற்கும் மர எலிவேட்டரில், அதாவது தானியத்தைச் சேமித்து ரயிலில் ஏற்றும் கோபுரத்தில், கொட்டிவிட்டு வருவார். மேற்குக் கனடாவின் பிரெய்ரி சமவெளி முழுக்க அப்படி 5,000க்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் நின்ற காலம் உண்டு.

அப்புறம் ரயில் விலகியது. 1897 ஒப்பந்தத்தில் தொடங்கிய 'குரோ ரேட்' என்ற, தானியத்துக்கான சலுகை ரயில் கட்டணத்தின் கடைசி மிச்சமும் 1995இல் முடிவுக்கு வந்தது. கிளை ரயில் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, மர எலிவேட்டர்களை இடித்தார்கள், தானியம் வாங்குவது சில பெரிய கான்கிரீட் நிலையங்களோடு சுருங்கியது. முன்பு ரயில் பெட்டியில் போன சுமை இப்போது இரட்டை டிரெய்லர் லாரியில், சரக்கோடு சேர்த்து 60 டன்னுக்கும் மேல், அதே மெல்லிய படலத்தின் மீது போகிறது. பணம் மிச்சமானது ரயில் பக்கம், செலவு வந்து விழுந்தது சாலைப் பக்கம் என்பது என் கணக்கு. அந்தச் செலவை இன்றுவரை யாரும் முழுசாகக் கொடுத்து முடிக்கவில்லை.

இதோடு மண்ணும் பருவமும் சேர்ந்துகொள்கின்றன. தெற்கே பல இடங்களில் கனமான களிமண். குளிர்காலத்தில் ஆழம்வரை உறைந்துபோகும் தரை, வசந்தத்தில் மேலிருந்து கீழாக இளகும். மேலே உருகிய நீர், அடியில் இன்னும் உறைந்திருக்கும் மண்ணைத் தாண்டி இறங்க முடியாமல் நடுவில் தேங்கும். அந்தச் சில வாரங்களில் அதன் மேல் ஒரு கனரக லாரி போனால் படலம் பிளந்துவிடும்.

எடை வகுப்பு என்ற ஏற்பாடு இருப்பது இதனால்தான். முதல்நிலைச் சாலையில் ஆண்டு முழுதும் முழு எடை ஏற்றலாம், இரண்டாம்நிலைச் சாலையில் அதைவிடக் குறைவாகத்தான் ஏற்ற வேண்டும். ஒன்பது மாதம் மட்டும் முழு எடைக்கு அனுமதி உள்ள சாலைகளும் உண்டு. தரை இறுகி உறைந்திருக்கும் குளிர்காலத்தில் இரண்டாம்நிலைச் சாலைகளில் கூடுதல் எடைக்கு அனுமதி கிடைக்கும். மார்ச்சில் பனி இளகத் தொடங்கியதும் வசந்தகால எடைத்தடை வரும். ஆறு வாரம்வரை நீடிக்கலாம். நகராட்சிகளும் தங்கள் சாலைகளுக்குத் தனியாகத் தடை போடலாம். எருவோ விதையோ ஏற்றிவரச் சொல்லியிருப்பவர்கள் இந்த வாரங்களை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, சாலையைச் சீராக்க என்ன திட்டம் இருக்கிறது? 2030ஆம் ஆண்டுக்கான மாகாண வளர்ச்சித் திட்டத்தில் பத்தாண்டுகளில் 10,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை மேம்படுத்துவது என்ற இலக்கு இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'மேம்பாடு' என்ற கணக்கில் மறுபடி தார் போடுவது, மேலே மெல்லிய பூச்சு கொடுப்பது, சரளைச் சாலையைச் செப்பனிடுவது எல்லாமே அடங்கும். டி.எம்.எஸ். சாலையை அடியோடு பெயர்த்து, படுகை அமைத்து, முழு எடை தாங்கும் தார்ச்சாலையாக மாற்றும் வேலைக்குக் 'கிராமப்புற நெடுஞ்சாலை மேம்பாடு' என்று தனித் தலைப்பு உண்டு. மொத்த நீளத்தில் இது சின்னப் பங்குதான், செலவு அதிகம் என்பதால். அரசின் அறிவிப்பில் உங்கள் சாலை எண்ணைப் பார்த்தால், அது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பதையும் பாருங்கள். பூச்சு என்று இருந்தால் எடை வகுப்பு மாறாது. சில இடங்களில் டி.எம்.எஸ். படலத்தைக் கிளறிவிட்டு மறுபடி சரளைச் சாலையாக்கியதும் நடந்திருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது அவமானம். குழி விழுந்த தாரைவிட நல்ல சரளை மேல் என்பது பொறியாளர்களின் வாதம், அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

கிரிட் ரோடுகளுக்கு இருப்பது ஆர்.ஐ.ஆர்.ஜி. என்ற மானியத் திட்டம். பணம் மாகாணத்துடையது, நடத்துவது கிராமப்புற நகராட்சிகளின் சங்கமான சார்ம். சாலை, பாலம், மதகு கட்டும் செலவில் 50 சதவீதம்வரை, ஒரு வேலைக்கு அதிகபட்சம் 5,00,000 டாலர் கிடைக்கும். மிச்சத்தை நகராட்சி தன் சொத்து வரியிலிருந்து போட வேண்டும். தனிநபர் விண்ணப்பிக்க முடியாது. நகராட்சி மன்றம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே உங்கள் பிரிவின் கவுன்சிலரையோ, மன்றத் தலைவரான 'ரீவ்' என்பவரையோ பிடிப்பதுதான் வழி. எந்த மாதம் எத்தனை கனரக லாரி போகிறது என்ற விவரத்தோடு போனால் பேச்சுக்குக் கனம் கூடும். சராசரி வண்டி எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் முறையில் கிராமத்துச் சாலை எப்போதும் தோற்றுப்போகும். அறுவடைக் காலத்து நெரிசல் ஆண்டுச் சராசரியில் கரைந்துவிடுகிறது. இந்த முறையில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான்.

புகார் சொல்லும் விதத்தில் லீடர் என்ற சிற்றூர்க்காரர்களை யாரும் மிஞ்சவில்லை. 32ஆம் நெடுஞ்சாலையின் குழிகளில் ஆடையில்லாமல் உட்கார்ந்து படம் எடுத்து, 2007ஆம் ஆண்டுக்கு நாள்காட்டியே வெளியிட்டார்கள். அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்களுக்கு, வாகன ஓட்டிகள் சங்கமான சி.ஏ.ஏ. சஸ்காச்சுவான் நடத்தும் மோசமான சாலைகள் வாக்கெடுப்பு இருக்கிறது.

பாதுகாப்புக்குத் தனிப் பணம் வந்தது ஒரு பெருந்துயரத்துக்குப் பிறகு. 2018 ஏப்ரல் 6 அன்று 35ஆம், 335ஆம் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் ஹம்போல்ட் பிராங்கோஸ் ஹாக்கி அணியின் பேருந்தும் ஒரு லாரியும் மோதியதில் 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சந்திப்புகளில் பார்வையை மறைக்கும் மரங்களை அகற்றவும், விளக்கும் அதிர்வுக் கோடுகளும் அமைக்கவும் ஐந்தாண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பெரிய லாரி உரிமத்துக்கு 121.5 மணிநேரக் கட்டாயப் பயிற்சியும் 2019 மார்ச்சில் வந்தது.

பக்கத்து மாகாணங்களின் ஏற்பாடு வேறு. ஆல்பர்ட்டாவில் இரண்டாம்நிலை நெடுஞ்சாலைகளை 2000இல் மாகாணமே ஏற்றுக்கொண்டது, பராமரிப்பைத் தனியார் ஒப்பந்ததாரர்கள் செய்கிறார்கள். மானிட்டோபாவில் முழு எடைக்கு அனுமதி உள்ள சாலையை 'ஆர்டாக்' சாலை என்பார்கள்.

சஸ்காச்சுவானில் குழியில் இறங்கி வண்டி சேதமானால் அரசுக் காப்பீட்டு நிறுவனமான எஸ்.ஜி.ஐ.யிடம் கோரலாம். அடிப்படைக் காப்பீடு மட்டும் இருந்தால் முதல் 700 டாலர் உங்கள் பொறுப்பு. சாலைப் பணியாளர்களைக் கடக்கும்போது வேகம் 60 கிலோமீட்டர். மீறினால் அபராதம் சாதாரண அபராதத்தைவிடப் பல மடங்கு. பனி அகற்றுவதிலும் வண்டிக் கணக்குதான்: தினம் 1,500 வண்டிக்கு மேல் ஓடும் சாலையைப் புயல் ஓய்ந்த ஆறு மணிநேரத்துக்குள்ளும், 300 முதல் 1,500வரை என்றால் 12 மணிநேரத்துக்குள்ளும், 300க்குக் குறைவு என்றால் 48 மணிநேரத்துக்குள்ளும் துப்புரவு செய்வது அமைச்சகத்தின் இலக்கு. கடைசி வகைச் சாலையில் வீடு இருந்தால் இரண்டு நாளுக்கான மளிகையும் மருந்தும் வீட்டில் இருக்கட்டும். கிளம்பும் முன், சாலை நிலையைக் காட்டும் 'ஹைவே ஹாட்லைன்' வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.